தகட்டின் மறுபக்கம்: கப்பல் கட்டுமானத்தைக் கற்றல்



கடற்பொறியியல் பயில வரும் மாணவன் இயந்திரத்தை எண்ணியே வருகிறான். பல மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் டீசல் இயந்திரமும், அதன் அதிர்வும், எண்ணெய் மணமும்தான் அவன் மனத்தில் இருக்கின்றன. ஆனால் படிப்பின் தொடக்கத்திலேயே அவன் முன் ஒரு படம் விரிக்கப்படுகிறது. அந்தப் படத்தில் இயந்திரம் இல்லை. கப்பலை நடுவே குறுக்காக அறுத்து, அறுபட்ட முகத்தை நேர்நின்று நோக்கினால் எவை தெரியுமோ அவையே அதில் உள்ளன. நடுவெட்டுப் படம் என்று அதனை அழைக்கலாம். அடித்தளத்தில் இரண்டு வரிசைத் தகடுகள், அவற்றுக்கிடையே குறுக்குச் சட்டங்கள், பக்கங்களில் விலாக்கள், மேலே தட்டும் அதனைத் தாங்கும் உத்தரங்களும். இதனைப் பார்த்து வரை, உறுப்புகளுக்குப் பெயர் எழுது, ஒவ்வொன்றும் எதற்காக அங்கே இருக்கிறது என்று சொல் என்கிறார் ஆசிரியர்.

மாணவனுக்கு இது அலுப்பூட்டுகிறது. கப்பலைக் கட்டுபவர் கட்டட்டும், ஓட்டுபவர் ஓட்டட்டும், இயந்திரத்தைப் பார்ப்பவனுக்கு இந்த எலும்புக்கூடு எதற்கு என்று அவன் எண்ணுகிறான். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணம் ஏன் தவறு என்பதும், இந்தப் பாடத்தைத் தமிழ் மாணவர்கள் எப்படி அணுகினால் அது விளங்கும் என்பதுமே இப்பொழிவின் பொருள்.

முதலில் இயந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். கப்பலின் முதன்மை இயந்திரம் நிலத்தில் நடப்பட்ட ஒன்றன்று. அது இரட்டை அடித்தளத்தின் மேற்றளத்தில் முடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடித்தளம் கப்பலின் உடலோடு ஒன்றானது. உடலோ வளைகிறது. சரக்கு ஏற்றினால் ஒருவகையாக வளைகிறது. சரக்கை இறக்கி, அடிச்சுமைக்காகக் கடல்நீரை நிரப்பினால் வேறுவகையாக வளைகிறது. உலர்துறையில் கட்டைகளின் மேல் உட்கார்ந்தால் மற்றொரு வகையாக வளைகிறது. ஆகவேதான் இயந்திரத்தின் கிராங்க் தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதை, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை நுணுகி அளக்கும்போது, அப்போது கப்பலில் சரக்கு இருந்ததா, இல்லையா என்பதையும் பொறியாளர் குறித்துவைக்கிறார். உலர்துறைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அளக்கிறார். கப்பலின் உடலை அறியாதவருக்கு அந்த எண்கள் எதையும் சொல்லா.

எஃகுக் கப்பல் வளையும் என்றால் பலர் நம்புவதில்லை. நீளமான எதுவும் வளையும். ஒரு பேரலையின் முகடு கப்பலின் நடுப்பகுதியைத் தாங்கி, அணியமும் அமரமும் பள்ளங்களின் மேல் நிற்கும்போது, கப்பல் முதுகை உயர்த்துகிறது. அப்போது மேல்தட்டு இழுபடுகிறது, அடித்தளம் நெரிபடுகிறது. அலை நகர்ந்து, முகடுகள் இரு முனைகளுக்கும் பள்ளம் நடுவுக்கும் வந்தால், வயிறு தொங்குகிறது. இழுவிசையும் நெரிவிசையும் இடம் மாறுகின்றன. ஒரு பயணத்தில் இது எண்ணற்ற முறை நிகழும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை நாம் அறிவோம். உலோகக் களைப்பு என்று பாடத்தில் வருவது அதுவே.

இத்தகைய உடலுக்கு எந்த வடிவம் ஏற்றது? மூங்கிலைப் பாருங்கள். அது உள்ளே வெற்றிடமானது. அதன் வலிமை முழுதும் புறத்தோலில் இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளிகளில் கணுக்கள் அதன் குழாய் நசுங்காமல் காக்கின்றன. கப்பலும் அவ்வாறே. வளையும் பொருளில் அதிகத் தகைவைச் சுமப்பவை மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். நடுவில் தகைவு குறைந்து ஓரிடத்தில் இல்லாமலே போகிறது. எனவேதான் மேல்தட்டின் தகடும், பக்கச் சுவரின் உச்சி வரிசைத் தகடும், அடித்தளத் தகடும் கனமாக அமைகின்றன. கணுக்களின் வேலையைத் தடுப்புச் சுவர்கள் செய்கின்றன. சீனத்தின் சுவான்சோ விரிகுடாவில் 1974ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டு மரக்கலத்தில் 12 தடுப்புச் சுவர்களும் 13 அறைகளும் இருந்தன. நம்முடைய இக்கடல்களில் அத்தகைய கலங்கள் நெடுங்காலம் உலவின என்பதை நினைத்தால், இந்தப் பாடம் மேலைநாட்டுத் தொழிற்சாலையில் பிறந்த ஒன்று என்ற எண்ணம் நீங்கும்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். வளர்தமிழில் ஆர்வம் கொண்ட இந்த அவையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஆங்கிலப் பாடநூலில் 'ஃபுளோர்' என்ற சொல் வருகிறது. வீட்டில் அது தரை. கப்பலிலோ அது நாம் நடக்கும் தரையன்று; இரட்டை அடித்தளத்தின் இரண்டு தகட்டு வரிசைகளுக்கிடையே குறுக்காக, நட்டுக்குத்தாக நிற்கும் தகடு. 'சீலிங்' என்ற சொல் வருகிறது. வீட்டில் அது தலைக்கு மேலுள்ள கூரையின் உட்புறம். கப்பலில் அது சரக்கறையின் அடியில், காலுக்குக் கீழே விரிக்கப்படும் மரப்பலகை! அகராதியைப் பார்த்து மொழிபெயர்க்கும் மாணவன் தரையையும் கூரையையும் தலைகீழாக மாற்றிக்கொண்டு தேர்வுக்குப் போவான். அப்படிப் போனவர்களை நான் அறிவேன். அகராதி பொய் சொல்லவில்லை. மரக்கலம் கட்டிய ஆங்கிலேயத் தச்சர்கள் தங்களுக்குள் வழங்கிய சொற்கள், எஃகுக் காலத்திலும் மாறாமல் ஒட்டிக்கொண்டுவிட்டன என்பதே காரணம்.

நம்மிடமும் தச்சர்களின் சொற்கள் உண்டு. கலத்தின் முதுகெலும்பான அடிமரம் ஏரா. அதன்மேல் இருபுறமும் வளைந்தெழும் விலாச்சட்டங்கள் வங்கு. முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம், திசை திருப்புவது சுக்கான். இவற்றுள் அணியமும் அமரமும் சுக்கானும் கரையோர மீனவர் நாவில் இன்றும் வாழ்கின்றன. இவற்றை எஃகுக் கப்பலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் ஐயுறுகின்றனர். நான் எடுத்துக்கொள்கிறேன், ஒரு கவனத்தோடு. மரக்கலத்தில் ஏரா என்பது தனித்துத் தெரியும் ஒரு பெருமரம். இன்றைய பெருங்கப்பலில் வெளியே அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அடித்தளத்தின் நடுவரிசைத் தகடு மற்றவற்றைவிடக் கனமாக இருக்கும், அதன்மேல் நெடுக ஒரு நடுவிட்டம் நிற்கும், அவ்வளவே. பெயர் அதுவே, வேலையும் அதுவே, உருவம் வேறு.

இதிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்லும் முறை இது: ஓர் உறுப்பின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்தச் சுமையை வாங்குகிறது, வாங்கிய சுமையை யாரிடம் கொடுக்கிறது என்று கேளுங்கள். அதை உங்கள் தாய்மொழியில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஃபுளோர்' என்பதற்கு நான் எழுதிக்கொண்ட வாக்கியம்: கடலின் அழுத்தத்தை அடித்தகட்டிலிருந்து வாங்கி நடுவிட்டத்துக்கும் பக்கங்களுக்கும் கடத்தும் குறுக்குத் தகடு. அந்த வாக்கியம் அமைந்த பிறகு தரை என்னும் குழப்பம் எனக்கு எழவே இல்லை. தூணும் உத்தரமும் விட்டமும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஓடு தாங்கும் சுமை கைமரத்துக்கும், கைமரம் தாங்குவது உத்தரத்துக்கும், அது தூணுக்கும் போகிறது என்பதைப் பாட்டன்மார் அறிந்திருந்தனர்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் வரலாறும் விளங்கும். விலாக்கள் குறுக்காகவே அமைய வேண்டும் என்பது மரக்கலத்தின் வழக்கம். கப்பல் நீண்டபோது, குறுக்கு விலாக்கள் எத்தனை நெருக்கமாக இருந்தாலும் முதுகு எழுவதையும் வயிறு தொங்குவதையும் அவை தடுக்கவில்லை. ஏனெனில் அந்த விசை நெடுக்காகச் செல்கிறது. ஜோசப் இஷர்வுட் என்ற ஆங்கிலேயர் சட்டங்களை நெடுக்காக ஓடவிடும் முறையை வகுத்தார். 1908ஆம் ஆண்டு அம்முறையில் முதல் எண்ணெய்க் கப்பல் கட்டப்பட்டது. இன்றும் எண்ணெய்க் கப்பல்கள் அவர் வழியைப் பின்பற்றுகின்றன. தானியமும் தாதுவும் ஏற்றும் கப்பல்களில் அடியிலும் தட்டிலும் நெடுக்குச் சட்டமும், பக்கங்களில் குறுக்கு விலாவுமாகக் கலந்து அமைக்கின்றனர். விசை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் எஃகை இடு என்பதைத் தவிர இதில் வேறு மறைபொருள் இல்லை.

கப்பல் கட்டுமான விதிகள் பெரும்பாலும் யாரோ செய்த பிழையிலிருந்து பிறந்தவை. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1943 சனவரி 16 இரவு, அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில், வெள்ளோட்டம் முடிந்து கரையில் கட்டப்பட்டிருந்த ஷெனெக்டடி என்னும் புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் பேரோசையோடு பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை, ஆற்றுநீர் அசையாமல் கிடந்தது. மேல்தட்டில் எழுந்த விரிசல் இருபக்கச் சுவர்கள் வழியே கீழிறங்கிக் கப்பலை ஏறத்தாழ இரண்டாக்கியது. அடித்தகடு மட்டுமே இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. போர்க்காலத்தில் 2,710 லிபர்ட்டி கப்பல்களையும் நூற்றுக்கணக்கான எண்ணெய்க் கப்பல்களையும் விரைந்து கட்டுவதற்காகத் தறையாணியை விட்டுப் பற்றவைப்புக்கு மாறிய காலம் அது. பழி பற்றவைப்பின் மேல் விழுந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு. தறையாணியால் இணைத்த உடலில் ஒரு தகட்டில் தோன்றும் விரிசல் அத்தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த உடலோ ஒரே தகடு போன்றது. விரிசலுக்கு எல்லை இல்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையார், கோளாறின் வேர் எஃகிலேயே இருப்பதைக் காட்டினார். அக்கால எஃகு குளிரில் தன் வளையும் இயல்பை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கியது. இவற்றோடு, சரக்கறை வாய்களின் மூலைகள் சதுரமாக வெட்டப்பட்டிருந்தன. கூரிய மூலையில் தகைவு குவியும். விரிசல் அங்கிருந்து புறப்படும்.

இன்று மாணவன் வரையும் படத்தில் சரக்கறை வாயின் மூலை வளைவாக இருக்கிறது. வளைக்காமல் வரைந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். எஃகுக்கு ஏ, பி, டி, ஈ எனத் தரங்கள் வகுத்து, டி தரத்தைச் சுழியத்துக்குக் கீழ் 20 பாகையிலும், ஈ தரத்தைச் சுழியத்துக்குக் கீழ் 40 பாகையிலும் தாக்கிச் சோதிக்கின்றனர். வெப்ப நாட்டில் வாழும் நமக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டாம். நாம் பழுதுபார்க்கும் கப்பல் அடுத்த மாதம் எந்தக் கடலில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. கிழிந்த தகட்டை மாற்றும்போது அதே தரத்துத் தகட்டையே வைக்க வேண்டும். கைவசம் இருக்கிறது என்று வேறொன்றை வைத்துப் பற்றவைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஷெனெக்டடியை நாமே உண்டாக்கி அனுப்புகிறோம்.

மற்றொன்று எல்லோரும் அறிந்த டைட்டானிக். 15 குறுக்குச் சுவர்களால் 16 அறைகளாகப் பகுக்கப்பட்ட கப்பல் அது. முன்புறத்து நான்கு அறைகள் நிறைந்தாலும் மிதக்கும் என்று கணக்கிட்டிருந்தனர். பனிப்பாறை அதற்கும் மேற்பட்ட அறைகளைத் திறந்துவிட்டது. சுவர்கள் போதிய உயரத்துக்கு எழுப்பப்படவில்லை என்பதே கட்டுமானத்தின் குறை. பல்லாங்குழிப் பலகையில் நீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். ஒரு குழி நிறைந்து அடுத்த குழிக்கு வழியும், அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. அணியம் தாழத் தாழ, நீர் சுவர்களின் உச்சியைத் தாண்டிப் பின்னுக்குப் பரவியது. 1914ஆம் ஆண்டில் கடலில் உயிர்க்காப்பு பற்றிய முதல் பன்னாட்டு உடன்படிக்கை எழுந்தது இதன் பின்னரே. இன்று அணியத்திலிருந்து குறைந்தது கப்பல் நீளத்தின் 5 விழுக்காடு, அல்லது 10 மீட்டர், இவற்றுள் எது சிறிதோ அந்தத் தொலைவுக்குப் பின்னால் மோதல் தடுப்புச் சுவர் நிற்க வேண்டும் என்பது விதி.

இனி இயந்திர அறைப் பொறியாளரின் கைக்கே நேராக வரும் ஒன்று. நிறைகுடம் தளும்பாது என்கிறோம். குறைகுடம் கூத்தாடும் என்கிறோம். கப்பலின் நிலைப்புப் பற்றிய ஒரு பெரும்பாடத்தின் தொடக்கம் அந்தப் பழமொழியில் இருக்கிறது. ஒரு தொட்டி முழுவதும் நிறைந்திருந்தால் அதிலுள்ள நீர் ஒரு திண்பொருள் போலக் கிடக்கும். அரைகுறையாக இருந்தால், கப்பல் சாயும் பக்கத்துக்கே நீரும் ஓடி, சாய்வை மேலும் வளர்க்கும். பொறியியல் இங்கே பழமொழியோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறது: இதில் நீரின் அளவைவிட நீர்ப்பரப்பின் அகலமே முதன்மையானது. தீங்கு அகலத்தின் மூன்றாம் படியாக வளர்கிறது. ஆகவே ஓர் அகன்ற தொட்டியை நடுவே நெடுக்குச் சுவரிட்டு இரண்டாகப் பிரித்தால் தீங்கு நான்கில் ஒன்றாகக் குறையும். மூன்றாகப் பிரித்தால் ஒன்பதில் ஒன்று. நடுவெட்டுப் படத்தில் தொட்டிகளை நெடுகப் பிரிக்கும் சுவர்களைக் காணும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டும்.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1987 மார்ச் 6ஆம் நாள் சான்று. பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்னும் ஊர்திக் கப்பல் அணியக் கதவுகள் மூடப்படாமலே புறப்பட்டது. ஊர்திகள் நிற்பதற்காகச் சுவரே இல்லாமல் விடப்பட்ட அகன்ற தட்டில் கடல்நீர் புகுந்து பரவியது. ஓரிரு நிமிடங்களுக்குள் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். எரிபொருளைத் தொட்டிக்குத் தொட்டி மாற்றுபவரும், அடிச்சுமை நீரை ஏற்றி இறக்கும் எக்கிகளை இயக்குபவரும் பொறியாளரே. ஒரே வேளையில் எத்தனைத் தொட்டிகளைக் குறைகுடமாக விட்டுவைக்கிறோம் என்பது அவர் கையில் இருக்கிறது.

நிலைப்பு பற்றிய இந்த அறிவு உலர்துறையில் கடுமையாகச் சோதிக்கப்படும். சிங்கப்பூர் உலர்துறைகளின் ஊர். கெப்பல் துறைமுகத்தில் கிங்ஸ் டாக் 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான உலர்துறை 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கிங்ஸ் டாக்கைச் சுற்றி இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கப்பலை உள்ளே கொண்டுவந்து, கதவை மூடி, நீரை இறைக்கும்போது, பெரும்பாலும் அமரம் முதலில் கட்டைகளில் தொடுகிறது. அந்த நொடியிலிருந்து கப்பல் பாதி மிதக்கிறது, பாதி உட்கார்ந்திருக்கிறது. கட்டை கீழிருந்து தாங்குவது, அடியிலிருந்து அத்தனை எடையை எடுத்துவிட்டதற்குச் சமம். கப்பலின் தலை கனக்கிறது. குறைகுடத் தொட்டிகளோடு வந்தால் கட்டையிலிருந்து சரிய நேரும். உள்ளே கொண்டுவரும் முன் தொட்டிகளை நிறை அல்லது ஒழி என்று தலைமைப் பொறியாளர் ஏன் வற்புறுத்துகிறார் என்பது அப்போதுதான் மாணவனுக்குப் புரிகிறது. வெளியேறும்போது வேறொரு கவலை. தொட்டிகளின் அடியிலிருந்து கழற்றிய வடிகால் அடைப்பாணிகள் எத்தனை, திரும்ப முடுக்கியவை எத்தனை என்று எண்ணிச் சரிபார்த்த பிறகே நீரை விடவேண்டும். எளிய எண்ணிக்கைதான். ஆனாலும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணுவார்கள்.

நான் மாணவனாகப் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரட்டை அடித்தளத்தினுள் முதன்முறை இறங்கினேன். நுழைவாய் 600 மில்லிமீட்டர் நீளமும் 400 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டத் துளை. உள்ளே நிமிர முடியாது. ஒரு குறுக்குத் தகட்டின் துளை வழியே தவழ்ந்தால் அடுத்த குறுக்குத் தகடு. அதன் துளை வழியே தவழ்ந்தால் அதற்கடுத்தது. படத்தில் அழகாக இருந்த துளைகள், எடையைக் குறைப்பதற்காக மட்டுமல்ல, மனிதன் ஊர்ந்து போவதற்காகவும் இடப்பட்டவை என்பது முழங்கால் தேய்ந்தபோது தெரிந்தது. அத்தகைய இடங்களில் நாள் முழுதும் கிடந்து பற்றவைப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். இந்நாட்டின் கப்பல் தளங்களை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மூடிக்கிடந்த தொட்டியில் காற்று நாம் சுவாசிக்கும் காற்றாக இருப்பதில்லை. வெளிக்காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 21 விழுக்காடு. பூச்சு உரிந்த எஃகு துருப்பிடிக்கும்போது அந்த உயிர்வளியை உண்கிறது. சில வாரங்கள் மூடியிருந்தால் உள்ளே செல்பவன் மயங்கி விழும் அளவுக்குக் குறைந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, எச்சரிக்கை இல்லை. முதல்வன் விழுந்ததைக் கண்டு இரண்டாமவன் மீட்க இறங்குகிறான், அவனும் விழுகிறான். உலகக் கப்பல்களில் திரும்பத் திரும்ப நேர்வது இது. அதனால்தான் மூடிய இடத்தில் நுழைந்து மீட்கும் பயிற்சியை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது 2015 முதல் பன்னாட்டு விதியாக இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியில் இதோடு தீப்பற்றும் ஆவியும் சேர்கிறது. 1978 அக்டோபர் 12 பிற்பகலில், ஜூரோங்கில் பழுதுபார்ப்பில் இருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலில், வெட்டுவேலையின் தீ தொட்டியில் இருந்த ஆவியைப் பற்றியது. 76 பேர் இறந்தனர். இத்தீவின் தொழில்துறை விபத்துகளில் அதனை நினைவுகூராத பொறியாளர் இருக்க முடியாது.

என் பயிற்சிக்கு வருகிறேன். இயந்திர அறையை ஒட்டிய தொட்டியில் அரித்துப்போன ஒரு பகுதித் தகட்டை வெட்டி எடுக்க வேண்டும். அளவு எடுப்பதற்காக நானும், ஒரு மூத்த தொழிலாளரும் நுழைவாயருகே நின்றோம். அவர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், பள்ளிப்படிப்பு அதிகமில்லை. "காத்து பாத்தாச்சா, தம்பி?" என்று கேட்டார். நான் பெருமையோடு சான்றுச் சீட்டைக் காட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. "இந்தத் தொட்டிக்குப் பாத்திருப்பாங்க. வெட்டப் போற தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் உறுப்பின் ஆங்கிலப் பெயரையும் சொல்ல முடிந்த எனக்கு, அந்த ஒரு தகட்டின் மறுபக்கம் எது என்று சொல்ல முடியவில்லை. தகடு ஒன்றே, இப்பக்கம் சூடேறினால் அப்பக்கமும் சூடேறும். அடித்தளப் படத்தைக் கொண்டுவந்து தொட்டியின் மேற்றளத்தில் விரித்தோம். சட்டங்களின் எண்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு விரலை நகர்த்தினேன். நடுவிட்டம், குறுக்குத் தகடு, நீர்புகாத் தகடு. இந்தக் குறுக்குத் தகட்டில் துளை இருக்கிறது, ஆகவே இருபுறமும் ஒரே தொட்டி. அடுத்ததில் துளை இல்லை, ஆகவே அது எல்லை. நாங்கள் வெட்டக் குறித்திருந்தது அந்த எல்லைத் தகட்டில். அதன் மறுபக்கம் எரிபொருள் தொட்டி. சீட்டில் அதன் எண் இல்லை.

அவர் தம் கையிலிருந்த சுண்ணக்கட்டியால் அந்தத் தகட்டின்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி இட்டு, பக்கத்தில் தமிழில் 'எண்ணெய்' என்று எழுதினார். மாலைப் பணிமாற்றத்தில் இறங்க வேண்டியவர்கள் தமிழ் படிப்பவர்கள் என்பது அவருக்குத் தெரியும். மேற்பார்வையாளரிடம் செய்தியைச் சொன்னோம். அந்த எரிபொருள் தொட்டியை ஒழித்து, கழுவி, காற்றூட்டிச் சோதிக்க மூன்று நாள் ஆயிற்று. அதுவரை வெட்டுவேலை நடக்கவில்லை. காலந்தாழ்ந்ததற்காக எல்லோரும் திட்டு வாங்கினோம். நான்காம் நாள் புதிய சீட்டு வந்தது. அதில் இரண்டு தொட்டிகளின் எண்களும் இருந்தன.